வாகரை மாப்பிள்ளை

ஏறாவூரில் வாவிப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையில் யாருக்குக் கலியாணம் பேசினாலும் ஜெமீலாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேச்சு நகராது. பெண் என்ன குடி, மாப்பிள்ளை என்ன குடி, இரண்டு பேரின் உம்மாமாரும் எங்காவது பின்னால் போய் ஒரே வயிற்றில் முட்டுகிறார்களா என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. குடி என்கிற வம்சம் தாய் வழியாகத்தான் வரும். ஒரே குடிக்குள் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது ஜெமீலாவின் தொழில் என்றால், இந்தச் சட்டங்களை வைத்துக்கொண்டு ஊரைச் சேர்த்துவைப்பது அவளுடைய உயிர்.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் அஸீமா முப்பது வயது தாண்டியும் கலியாணத்துக்குப் பிடிகொடுக்காமல் தவளை பிடித்துக்கொண்டு திரிந்தாள். ஒழுங்கைப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஜெமீலா, உன்ட மகள் தவளையில ஒண்டப் பார்த்துக் கலியாணம் முடிக்கப் போறாளாகா?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். "முடிச்சா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவன்" என்று ஜெமீலாவும் விடமாட்டாள். உள்ளுக்குள் மட்டும் கொஞ்சம் வலிக்கும். வலித்த கையோடு பெருமையும் வரும். ஏனென்றால் பல்கலைக்கழகத்துக்காக மகள் செய்கிற ஆராய்ச்சி வேலையை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

இரண்டு மாரிக்கு முன்னால் வாகரைப் பக்கத்துக் குட்டைகளில் மரத்தவளைகள் செத்துச் செத்து மிதந்தன. தொடையெல்லாம் இரத்தம் கட்டி, வயிறு ஊதி, கைவிரித்தபடி கிடந்தன. ஊரார் "தவளைக்கும் கொரோனா வந்திட்டு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அஸீமா மட்டும் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அது ஒரு வைரசு என்று கண்டுபிடித்தாள். மனிதருக்கு வராது, தவளையை விடாது. தண்ணீரோடும் சேற்றோடும் போகும், வலையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகும். அத்தனை சாவுக்குள்ளும் ஒரு சில தவளைகள் பிழைத்துக் கிடந்தன. மற்றவை சாக இவை எப்படித் தாங்கின என்று படிப்பதற்காக அவற்றைப் பிடித்து வந்தாள்.

அடுத்த மாரியில் அந்த நோய், ஊர்ப் பேச்சில் வருத்தம், வெல்லாவெளி வரைக்கும் இறங்கிவிட்டது. நல்லவேளை, அது வந்து சேர முதலே கோணாமலை என்ற விவசாயியின் வயல் வட்டைக்குப் பக்கத்துக் குளத்திலிருந்து சில தவளைகளை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் ஒரு தவளையும் மிஞ்சவில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று இரண்டு கூட்டத்தையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெல்லாவெளித் தவளைகள் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தவை ஜெமீலாவின் வீட்டு முன்னறைக் கண்ணாடித் தொட்டியில்தான் இருந்தன.

கொண்டு வந்த அன்றைக்கே அஸீமா சட்டம் போட்டாள்.

"உம்மா, நல்லாக் கேளுங்க. முன்னறையில வெல்லாவெளி. பின்னுக்குக் கொட்டிலுக்க வாகரை. இந்தப் பக்கத்து வாளி அந்தப் பக்கம் போகப்படா. செருப்பும் வேற, கையுறையும் வேற. ஒண்டத் தொட்டுட்டு மத்ததுக்குப் போறதெண்டா முதல்ல குளோரின் தண்ணியில கழுவோணும், மறுகா நல்ல தண்ணியில கழுவோணும்."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன்ட ஊடு மாதிரி எண்டு சொல்லு."

"அதவிடக் கஷ்டம் உம்மா."

ஜெமீலா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு மாக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து இறக்கிக் கடைக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனதும், அடுத்த வேலை தவளைக்குத் தீன். மாச் சட்டியை நக்க வருகிற கரப்பானையெல்லாம் முன்பு விளக்குமாற்றால் அடித்தவள், இப்போது போத்தலுக்குள் உயிரோடு பிடித்தாள். "கரப்பான் வளர்க்கிற ஊட்டுல இடியப்பம் வாங்குறயே" என்று யாராவது கடைக்காரனிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

கோணாமலை அடிக்கடி தொலைபேசியில் கூப்பிடுவார். அஸீமா கை வேலையாக இருந்தால் ஜெமீலாதான் எடுப்பாள்.

"நம்மட ஆக்கள் எப்பிடி அக்கா?"

"நல்லாத்தான் இரிக்காங்க தம்பி. நேத்து ரெண்டு பேர் கரப்பானுக்குச் சண்டை பிடிச்சாங்க."

"இஞ்ச வட்டை ஊமையாக் கிடக்கு அக்கா. மழை கொட்டுது, தண்ணி நிக்கி, ஒரு சத்தமில்ல. மழை பெய்ஞ்ச மாதிரியே இல்ல பாருங்க. தங்கச்சியிட்டச் சொல்லுங்க, நாங்க பார்த்துக்கிட்டு இரிக்கம் எண்டு."

ஆனால் அந்த ஆக்கள் பெருகுகிற வழியைக் காணோம். ஆண்கள் கத்தின. பெண்கள் தொட்டிச் சுவரில் நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிட்டன. சில நாளில் நுரை மஞ்சளாகி நாறியது. திரும்பவும் கட்டின, திரும்பவும் நாறியது. அன்றைக்கு இறால் பாலாணக் கறியும் சோறும் முன்னால் இருக்க, அஸீமா சாப்பிடாமல் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

"என்னகா, ஆணத்துல உப்பில்லயா?"

"உப்பெல்லாம் சரி உம்மா. முட்டதான் சரிவருகுதில்ல. அந்தக் குளத்தச் சுத்தி ரோட்டும் மதிலும் வந்து கனகாலம். வெளியில இருந்து ஒரு தவளை அங்க போய்ச் சேர்ந்ததில்ல. உள்ளுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து ரத்தம் நெருங்கிப் பொயித்து. பஞ்சால வாயில தடவி எடுத்து மரபணு பார்த்தன். எல்லாம் ஒரே தாய்வழி."

ஜெமீலா பிசைந்த கவளத்தைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

"அப்ப ஒரே குடி எண்டு சொல்லு."

"உங்கட கணக்குல அப்பிடித்தான்."

"ஒரே குடிக்குள்ள சேர்த்து வெச்சா எப்பிடிக்கா வெளங்கும்? வேற குடியில மாப்புள எடுக்கோணும்."

"ஓம் உம்மா, அதத்தான் நானும் பேராசிரியருக்கு எழுதியிரிக்கன். வருத்தம் போகாத வேற ஊர்ல தேடோணும்."

"ஏன் தேடுற? கொட்டிலுக்க ஆம்புளையள் சும்மாதானே குந்திக்கிட்டு இரிக்கானுகள்."

"அது சரிவராது உம்மா" என்று அஸீமா சொன்னபோது தொலைபேசி அடித்தது. எழுந்து போய்விட்டாள். ஏன் சரிவராது என்று சொல்ல அவள் திரும்பி வரவில்லை.

இங்கேதான் வினை. "சரிவராது" என்ற சொல்லுக்கு ஜெமீலாவின் அகராதியில் வேறு பொருள். எந்தக் கலியாணப் பேச்சிலும் முதல் நாள் எல்லாரும் சொல்வது அதைத்தான். பிறகு இரண்டு தேத்தண்ணி குடித்தால் சரிவந்துவிடும். வாகரைத் தவளைகளுக்கு வருத்தம் வந்ததே என்றும் யோசிக்கத்தான் செய்தாள். கொப்புளிப்பான் அம்மை வந்து சுகமான பிள்ளையைத் தலைக்குத் தண்ணீர் வார்த்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம். வந்து போனவனிடம் இனி என்ன வருத்தம் இருக்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அஸீமா மாதிரிகளை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்காகக் கண்டிக்குப் போனாள். அவள் போன மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. வாவிப் பக்கமிருந்து காற்று ஊளையிட்டு வந்து தகரத்தைத் தூக்கிப் போட்டது. முன்னறையில் பெண் தவளைகள் வயிறு முட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெமீலாவுக்கு இருக்க முடியவில்லை.

கொட்டிலுக்குப் போய்க் கையுறை போட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, குரல் கெட்டியான ஒருவனைப் பார்த்துப் பிடித்தாள். முதுகில் கறுப்பாக ஒரு கோடு, பாதியில் அறுந்து வளைந்திருக்கும். அவனை மூடிச் சட்டிக்குள் விட்டு, மேலே புதுத் துவாய் ஒன்றைப் போட்டு மூடினாள். வெறுங்கையோடு மாப்பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? செருப்பை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், சட்டியின் வெளிப்பக்கத்தைக் குளோரின் தண்ணீரால் துடைத்தாள், எல்லாவற்றையும் மகள் சொன்ன ஒழுங்கில் செய்தாள். மழையில் நனைந்துகொண்டு மாப்பிள்ளையைப் பெண் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பெண்ணைக் கொட்டிலுக்கு அனுப்பும் எண்ணமே அவளுக்கு வரவில்லை. அப்படி ஒரு வழக்கம் மட்டக்களப்பில் எங்கே இருக்கிறது?

விடிய எழுந்து பார்த்தால் தொட்டிச் சுவரில் வட்டிலப்பத்துக்கு அடித்த முட்டை நுரை போல வெள்ளையாக ஒரு கூடு. ஜெமீலா அன்றைக்கு இடியப்பத்தைக் கருகவிட்டாள். மாப்பிள்ளையைத் திரும்பவும் கொட்டிலில் விட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல இருந்தாள்.

அஸீமா வந்தபோது நுரை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த நாள் அது கரைந்து, கீழே வைத்திருந்த வெள்ளைப் பேசன் தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அஸீமா உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சின்ன வயதில் புலமைப் பரிசில் பரீட்சை பாஸ் பண்ணின அன்றைக்குக்கூட அவள் அப்படிக் குதித்ததில்லை. சொல்லிவிடலாம் என்று ஜெமீலாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குஞ்சுகள் கொஞ்சம் பெருக்கட்டும், சீனிச் சோறு ஆக்கி வைத்துச் சொல்லலாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. ஒரு பெண் தவளை தீன் எடுக்காமல் மூலையில் குந்தியது. மறுநாள் அதன் தொடை சிவந்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. அஸீமா அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். செத்ததை எடுத்து அறுத்து மாதிரி எடுப்பாள், உயிரோடிருப்பதைத் தனித்தனிப் பெட்டிக்கு மாற்றுவாள், கழுவுவாள், துடைப்பாள், திரும்பவும் கழுவுவாள். குளோரின் தின்று அவள் விரலெல்லாம் தோலுரிந்து போனது. ஜெமீலா சோற்றைக் குழைத்து வாசலில் நின்று நீட்டினால் வாயை மட்டும் கொண்டுவந்து வாங்கிக்கொள்வாள். அழவில்லை. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று ஜெமீலா வியந்து பார்த்தாள். வியப்புக்குப் பின்னால், தான் கொண்டுபோய் விட்ட மாப்பிள்ளையின் நினைவும் வந்தது.

பரிசோதனை முடிவு வந்த அன்றைக்குக் கடைசித் தவளையும் செத்துக் கிடந்தது.

"வாகரை வைரசுதான் உம்மா" என்றாள் அஸீமா. குரலில் உயிரில்லை. "நான்தான் கொண்டு வந்திரிக்கன். எங்கயோ ஒரு இடத்துல கை தவறியிரிக்கன். பேராசிரியருக்குச் சொல்லப் போறன். இனி எனக்கு இந்த வேலைய நம்பித் தரமாட்டாங்க, தரவும் கூடாது. கோணாமலை ஐயாட முகத்துல எப்பிடி முழிக்கிற?"

எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் அள்ளினாள். குளோரின் தூளைத் தாராளமாகக் கொட்டிக் கரைத்தாள். மூக்கைச் சுடுகிற நெடி வளவெல்லாம் பரவியது.

"என்னத்துக்குக்கா இவ்வளவு?"

"குஞ்சுகளுக்கு. அதுகளும் அந்தத் தண்ணியிலதானே கிடந்த. தாய் தகப்பனே தாங்கல்ல, இதுகள் எப்பிடித் தாங்கும்? வெச்சிக்கிட்டு இருந்தா வருத்தத்த வளர்க்கிற மாதிரித்தான். அழிச்சிட்டுத் தொட்டியக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான்."

பேசனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே தலைப்பிரட்டைகள் மிளகு மிளகாக வால் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் மகளின் முகத்தில் இனி ஒரு நாளும் விழிக்க முடியாது. திறக்காவிட்டால் மகள் செய்யாத குற்றத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிவாள். ஜெமீலா குறுக்கே போய் நின்றாள்.

"ஊத்தாத மகள்! நீ கொண்டு வரல்ல. நான்தான்."

"என்ன?"

"கொட்டிலுக்க இருந்த ஒருவன நான்தான் கொண்டு போய் விட்டன். நீ கண்டிக்குப் போன நேரம். ஒரே குடி எண்டு சொன்னயே, அதுக்காக விட்டன். அவன விட்டதாலதான் இந்தக் குஞ்சுகள். வருத்தம் வந்து சுகமானவன்தானே எண்டு நினைச்சிட்டன். அல்லாஹ்வே, நான் சாகடிச்சிட்டன் மகள், எல்லாத்தையும் நான்தான் சாகடிச்சிட்டன்."

அஸீமா பேசனைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள். ஜெமீலா சேற்று நிலத்தில் அப்படியே குந்தியிருந்தாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. அஸீமா திரும்பியபோது அவள் முகத்தில் கோபம் இருந்தது. அதற்கு மேலால் வேறொன்றும் இருந்தது.

"எந்த ஆண் உம்மா?"

"முதுகுல கோடு பாதியில அறுந்தவன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மாப்புளட முகம் எனக்கு மறக்குமாகா?"

அஸீமா எழுந்து குளோரின் வாளியைத் தூக்கித் தொலைவாகக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினாள். திரும்பி வந்து பேசனின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தாள்.

"அவன்ட குட்டையில எல்லாம் செத்த, அவன் பிழைச்ச. அவன் சுகமாத் தெரிஞ்சாலும் கிருமி உள்ளுக்கதான் இரிக்கி உம்மா, அது வெளியில தெரியாது. ஆனா அதத் தாங்குற சக்தியும் அவன்ட ரத்தத்துல இரிக்கி. அது இதுகளுக்குக் கொஞ்சம் வந்திருந்தா சிலது தப்பும். வராட்டி சாகும். அவன்ட பிள்ளையள் எண்டு தெரியாம இப்பவே கொல்லப் பார்த்தனே."

"என்னை ஏசு மகள்."

"ஏசத்தான் போறன். உங்களோட கோவமாத்தான் இரிக்கன். நீங்க செஞ்சது சின்னப் பிழை இல்ல. அந்த வெல்லாவெளித் தவளையள் இனி வரப்போறதில்ல. இனி அந்த அறைக்குள்ள நீங்க வரப்படா." சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அவள் சொன்னதைத்தான் ஜெமீலா சாகும்வரை மறக்கமாட்டாள். "பிழை என்னிலயும் இரிக்கி சேர். உம்மா கேட்டவ. சரிவராது எண்டு மட்டும் சொன்னன், ஏன் எண்டு சொல்ல நான் நேரம் எடுக்கல்ல."

எத்தனையோ குடும்பத்துச் சண்டையை ஜெமீலா தீர்த்து வைத்திருக்கிறாள். யார் பிழை என்று வந்தால் ஆளுக்கு ஆள் கை காட்டுவதைத்தான் கண்டிருக்கிறாள். கூட்டிச் சொல்லி மற்றவன் தலையில் போடாமல், குறைத்து மறைக்காமல், தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்ட ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தாள். அது தன் வயிற்றில் பிறந்தது என்பதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

தலைப்பிரட்டைகள் சாகத் தொடங்கின. முதலில் கொத்துக் கொத்தாக, பிறகு ஒன்றிரண்டாக. வாசல் திரைக்கு வெளியே நின்று "இண்டைக்கு?" என்று ஜெமீலா கேட்பாள். "நேத்தவிடக் குறைவு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குஞ்சுகளுக்குக் கீரையை அவித்து மசித்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அவள் கேட்க முதலே அஸீமா திரையை விலக்கினாள். "இண்டைக்கு ஒண்டும் சாகல்ல உம்மா" என்றாள். மிஞ்சியவற்றுக்குப் பின்னங்கால் முளைத்தது, முன்னங்கால் முளைத்தது, வால் சுருங்கியது. நகத்தளவு தவளைகள் சுவரில் ஏறின. முன்பே வால் நுனி வெட்டி அனுப்பிய மரபணுப் பரிசோதனையின் முடிவும் வந்தது. தகப்பன் வாகரை, தாய் வெல்லாவெளி.

மாரி ஓய்ந்து வெயில் அடித்த ஒரு பகலில் கோணாமலை ஒரு குலை வாழைப்பழத்தோடு பஸ் ஏறி வந்தார். ஒல்லியான மனிதர், வயலில் கறுத்த முகம். அஸீமா அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். "நம்மட ஊட்டுல நடந்த பிழை ஐயா" என்று மட்டும்தான் சொன்னாள். யாருடைய கை என்று சொல்லவில்லை. கோணாமலை தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அப்ப நம்மட ஆக்கள் ஒண்டும் இல்லியா தங்கச்சி?"

"இல்ல ஐயா."

அடுப்படிக் குசினித் திரைக்குப் பின்னால் நின்ற ஜெமீலாவுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"செஞ்சது நான் தம்பி. இவள் இல்ல. ஒரே குடிக்குள்ள கிடக்குதுகளே எண்டு வாகரையில இருந்து வந்த ஒருவன நான்தான் மாப்புளையாக் கொண்டு போய் விட்டன். அவனோட வருத்தமும் வந்திட்டு. நீங்க நம்பித் தந்த ஆக்கள நான்தான் சாகக்குடுத்திட்டன்."

கோணாமலை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அஸீமாவைப் பார்த்தார்.

"உள்ளுக்க இரிக்கிற பிள்ளையள்ற தாய் ஆரு?"

"வெல்லாவெளி ஐயா. உங்கட குளம்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் ஒரே தாய்தான்."

அவர் மெல்லத் தலையாட்டினார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"எங்கட பக்கமும் குடி தாயோடதானே அக்கா. மாப்புள வாகரையில இருந்து வந்தா என்ன, வேற எங்க இருந்து வந்தா என்ன. பிறந்தது வெல்லாவெளிப் பிள்ளையள். செத்ததுகள நினைச்சாக் கவலைதான், இல்லயெண்டு சொல்லமாட்டன். ஆனா நம்மட குடி அறுந்து போகல்ல."

ஜெமீலா முக்காட்டு நுனியை வாயில் பொத்திக்கொண்டாள்.

"உடனே கொண்டு போக ஏலா ஐயா" என்றாள் அஸீமா. "இதுகளுக்குள்ளயும் கிருமி இரிக்குமா எண்டு பார்க்கோணும். குளத்துத் தண்ணியும் பார்க்கோணும். இன்னும் ஒரு மாரி போகும், சில நேரம் ரெண்டும் போகும். அதுக்குப் பிறகும் சரிவரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

"நீங்க சொல்லுற நாள் வரைக்கும் இரிப்பன் தங்கச்சி. இவ்வளவு நாளும் ஊமையாத்தானே கிடந்த. இப்ப ஒருக்காக் கண்ணாலயாவது பார்க்கலாமா?"

அஸீமா எழுந்து முன்னறைக் கதவைத் திறந்தாள். கோணாமலையை உள்ளே விட்டுவிட்டுத் தானும் நுழையப் போனவள் வாசலிலேயே நின்று திரும்பினாள். அறைக்குள் வரப்படாது என்று கிணற்றடியில் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகு ஜெமீலா அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. இப்போதும் குசினிப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தாள்.

"எங்க போறீங்க? நீங்களும் வாங்க உம்மா" என்றாள் அஸீமா.